மழையும் பறையும் கரையாமல்: கிளிப்களை எக்ஸ்போர்ட் செய்யும்போது ஆடியோவுக்கான தேர்வுகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தகரக் கூரை வீட்டில், மழை பெய்துகொண்டிருக்கும்போது எடுத்த பேட்டியை 96 கேபிபிஎஸ் ஏஏசியில் எக்ஸ்போர்ட் செய்து கேட்டுப் பாருங்கள். (ஏஏசி என்பது ஒலியைச் சுருக்கி எழுதும் ஒரு கோடெக், அதாவது ஒரு முறை. கேபிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை ஆயிரம் பிட் என்ற பிட்ரேட் அளவு.) பேச்சு புரியும். ஆனால் மழை மழையாக இருக்காது. தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலச் சுழன்று சுழன்று, உள்ளே ஏதோ சிணுங்குவது போலக் கேட்கும். மைக் கெட்டுவிட்டது என்று பலரும் நினைப்பது இதைத்தான். மைக்கில் ஒரு குறையும் இல்லை. எக்ஸ்போர்ட் பெட்டியில் 'ஆடியோ' என்ற தாவலைத் திறக்காமலேயே பொத்தானை அழுத்தியதால் வந்தது.

நீலகிரியில் படம் பிடிப்பவர்கள் இந்தத் தாவலை மற்றவர்களைவிடக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். ஒலியைச் சுருக்கும் கோடெக்குகள் எதை எதைக் கண்டால் திணறுமோ, அவை எல்லாம் இங்கே அன்றாட ஒலிகள்: மழை, அருவி, சில்வண்டு, காற்று, பறை. ஒரு குரலிலோ குழலிலோ ஒழுங்கான அதிர்வு உண்டு. ஒரு கணத்தில் இருந்ததை வைத்து அடுத்ததைச் சிக்கனமாக எழுதிவிடலாம். மழையில் அப்படி எந்த ஒழுங்கும் கிடையாது. ஒவ்வொரு கணமும் புதிது, எல்லா அதிர்வெண்ணிலும் பரவியது. கொடுத்த பிட்டுக்குள் அடங்காதபோது கோடெக் சில பகுதிகளைக் கைவிடுகிறது. எதைக் கைவிடுவது என்ற முடிவு நொடிக்குப் பலமுறை மாறுகிறது. அந்த மாற்றம்தான் சுழல்வது போலக் கேட்கிறது.

பறையில் கோளாறு வேறு விதம். நீலகிரிப் பழங்குடியான கோத்தர்களின் தபட்க் பறையில் ஓர் அடி விழுவதற்கு முன் ஒரு கணம் மௌனம் இருக்கும். அடி திடீரென்று வெடித்து எழும். ஏஏசி ஒலியை 2048 மாதிரிகள் கொண்ட சாளரங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. மாதிரி என்பது ஒலியை ஒரு முறை அளந்து எழுதிய எண்; நொடிக்கு 48,000 மாதிரி, அதாவது 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் அந்தச் சாளரம் சுமார் 43 மில்லிநொடி. சுருக்குவதால் வரும் பிழை அந்தச் சாளரம் முழுக்கப் பரவும். ஆகவே அடிக்கு முன்னாலேயே 'ஸ்ஸ்' என்று ஒரு மெல்லிய இரைச்சல் வந்துவிடும், அடியின் கூர்மை மழுங்கும். நல்ல என்கோடர் (சுருக்கி எழுதும் நிரல்) அடி வருவதை உணர்ந்து 256 மாதிரிகள் கொண்ட குறுஞ்சாளரத்துக்கு, அதாவது 5 மில்லிநொடிக்கு, மாறிக்கொள்ளும். அப்படி மாறினால் பிட் அதிகம் செலவாகும். பிட்ரேட் குறைவாக இருந்தால் மாறியும் பலனில்லை.

கிளிப் எங்கே போகிறது?

எண்களைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். அந்தக் கிளிப்பை இன்னொருவர் மறுபடி எடிட் செய்யப் போகிறாரா, அல்லது பார்ப்பவரிடம் நேராகப் போகிறதா?

மறுபடி எடிட்டுக்குப் போகிறதென்றால் சுருக்கவே கூடாது. கோடெக் லீனியர் பிசிஎம் (சுருக்காத ஒலி), 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், கன்டெய்னர் (படத்தையும் ஒலியையும் சேர்த்து வைக்கும் கோப்பு வகை) எம்ஓவி. எம்பி4 கன்டெய்னரைத் தேர்ந்தால் பல மென்பொருள்களில் பிசிஎம் தேர்வே வராது. 'பிசிஎம் எங்கே போயிற்று' என்று தேடுபவர்கள் முதலில் கன்டெய்னரை மாற்றிப் பார்க்கவும். ஒலியை மட்டும் தருவதென்றால் வேவ்.

காப்பகத்துக்கு வைப்பதும் இந்த வகைதான். தோடர்களின் மந்து, கோத்தர்களின் கோக்கால், படகர்களின் ஹட்டி என்று ஓர் ஊரில் பாடப்பட்ட பாட்டு அடுத்த தலைமுறைக்கும் வேண்டுமென்றால் 24 பிட் பிசிஎம்முக்குக் குறைந்து வைக்காதீர்கள். ஒலி ஆவணக் காப்பகங்களுக்கான சர்வதேசச் சங்கமான ஐயாசா, பழைய ஒலிநாடாக்களை டிஜிட்டலாக்க வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்தான்.

பார்ப்பவரிடம் நேராகப் போகிறதென்றால் ஏஏசியின் வழக்கமான வகையான ஏஏசி எல்சி போதும். யூடியூப் ஏற்றுபவர்களுக்குப் பரிந்துரைப்பது ஸ்டீரியோவுக்கு 384 கேபிபிஎஸ், மோனோவுக்கு 128, 5.1 ஒலிக்கு 512. நீங்கள் எதைக் கொடுத்தாலும் அங்கே மறுபடி சுருக்கப்படும் என்பதால், கொடுப்பது நன்றாக இருந்தால்தான் வெளிவருவது தேறும். பிரீமியர் போன்ற மென்பொருள்களில் ஏஏசிக்கு 320 வரைதான் பட்டியலில் இருக்கும், அதையே தேர்ந்துகொள்ளுங்கள். பேச்சு மட்டும் உள்ள, மூடிய அறையில் எடுத்த பேட்டிக்கு 192 தாராளம். மழையோ அருவியோ பறையோ பின்னணியில் இருந்தால் 320க்குக் கீழே இறங்காதீர்கள்.

'கோப்பு பெரிதாகிவிடுமே' என்று தயங்குபவர்கள் கணக்கைப் பாருங்கள். 128 கேபிபிஎஸ் ஒலி நிமிடத்துக்கு சுமார் 1 எம்பி. 320 என்றால் 2.4 எம்பி. 16 பிட் பிசிஎம் 11.5 எம்பி, 24 பிட் பிசிஎம் 17.3 எம்பி. 16 எம்பிபிஎஸ்ஸில் எக்ஸ்போர்ட் செய்யும் படமோ நிமிடத்துக்கு 120 எம்பி. ஆடியோவை 320லிருந்து 128க்கு இறக்கினால் நூற்றுக்கு ஒரு பங்குதான் மிச்சம். பள்ளத்தாக்கில் சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் இடத்திலிருந்து ஏற்றுவதாக இருந்தாலும் அந்த ஒரு பங்கைப் படத்தின் பிட்ரேட்டில் குறையுங்கள், கண்ணுக்குத் தெரியாது. ஒலியில் குறைத்தால் காதுக்குத் தெரியும்.

வாட்ஸ்அப்பில் கிளிப்பை வீடியோவாக அனுப்பினால் படமும் ஒலியும் மறுபடி சுருக்கப்படும். தரம் கெடாமல் போக வேண்டுமென்றால் 'டாக்குமென்ட்' வழியாக அனுப்பவும்.

சாம்பிள் ரேட், பிட் டெப்த்

வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ். 44.1 என்பது சிடி காலத்து அளவு. ரெக்கார்டரில் அது தேர்வாகி இருந்தால் படப்பிடிப்புக்கு முன்பே மாற்றிவிடுங்கள். டைம்லைனும் எக்ஸ்போர்ட்டும் 48லேயே இருக்கட்டும். 44.1ல் பதிந்ததை மென்பொருள் தானே 48க்கு மாற்றிக்கொள்ளும், பிரச்சினை பெரும்பாலும் வராது. 44.1 மாதிரிகளை மாற்றாமலே 48 என்று எடுத்துக்கொண்டால்தான் விபரீதம்: 10 நிமிடப் பதிவு 9 நிமிடம் 11 நொடியில் முடியும், சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் ஏறும். கோத்தர்களின் கொல் குழல் வாசித்தவர் கேட்டதும் கண்டுபிடித்துவிடுவார். ஒலி சுருங்கி, குரல் கீச்சென்று ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதுதான்.

பிட் டெப்த், அதாவது ஒவ்வொரு மாதிரியையும் எத்தனை பிட்டில் எழுதுவது என்பது, பிசிஎம்முக்கு மட்டும் உரியது. ஏஏசியில் அப்படி ஒரு தேர்வு கிடையாது. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபெல் என்று கணக்கு: 16 பிட்டுக்கு 96, 24 பிட்டுக்கு 144. இறுதி வெளியீட்டுக்கு 16 போதும். மெல்லிய ஒலிகளைப் பின்னால் யாராவது உயர்த்தப் போகிறார்கள் என்றால் 24. சோலைக்குள் விடியற்காலையில் சீகாரப் பூங்குயில் விசிலடிப்பதைப் பதிந்திருந்தால், அதை நிச்சயம் யாராவது உயர்த்துவார்கள்.

இன்னொன்று. வேவ் கோப்புக்கு 4 ஜிபி என்ற வரம்பு உண்டு. 24 பிட் ஸ்டீரியோ என்றால் 4 மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். எட்டு சேனல் என்றால் ஒரு மணி நேரம்தான். இரவு முழுக்க நடக்கும் ஆட்டத்தை ஒரே வேவாக எடுக்க முயன்றால் நடுவில் உடையும். பகுதி பகுதியாக எடுங்கள்.

சேனல்கள்: ஒரு காதில் மட்டும் கேட்கிறதா?

அதிகம் வரும் புகார் இது. சட்டையில் குத்தும் மைக் இடது சேனலில் மட்டும் பதிவாகி இருக்கும். எடிட் செய்யும்போது செல்போன் ஸ்பீக்கரில் கேட்டதால் தெரிந்திருக்காது. எக்ஸ்போர்ட்டில் 'மோனோ' என்று தேர்ந்தால் சரியாகிவிடும் என்று சிலர் செய்வார்கள். அப்படிச் செய்தால் குரல் இரண்டு பக்கமும் வரும், ஆனால் வெறுமையான வலது சேனலோடு கலப்பதால் அளவு குறைந்துவிடும். வலதில் இரைச்சல் இருந்தால் அதுவும் சேர்ந்து வரும். சரியான இடம் எக்ஸ்போர்ட் அல்ல, கிளிப்.

பிரீமியரில் 'ஃபில் ரைட் வித் லெஃப்ட்' என்ற ஆடியோ எஃபெக்ட்டைக் கிளிப்பின் மேல் போடுங்கள். இடது சேனல் வலதிலும் நிரம்பும். டாவின்சி ரிசால்வில் கிளிப்பை ரைட் கிளிக் செய்து 'கிளிப் ஆட்ரிபியூட்ஸ்', அதில் 'ஆடியோ', ஃபார்மட்டை 'மோனோ' ஆக்கி, குரல் உள்ள சேனலை மட்டும் காட்டுங்கள். இதைச் செய்யும் முன் வலது சேனலை ஒருமுறை தனியாகக் கேட்டுவிடுங்கள். சில வயர்லெஸ் மைக்குகள் அதே குரலைச் சில டெசிபெல் குறைத்து, பாதுகாப்புக்காக வலதில் பதிகின்றன. பேசுபவர் சட்டென்று உரக்கச் சிரித்து இடது சேனல் வெடித்த இடத்தில் அந்த வலது சேனல் உயிர் காக்கும். அதை அழித்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்தால் திரும்ப வராது.

ஸ்டீரியோவாகவே வைக்க வேண்டிய இடமும் உண்டு. குன்னூருக்குக் கீழே மலை ரயில் கேமராவை இடமிருந்து வலமாகக் கடக்கிறது. நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஸ்டீரியோவில் பெட்டிகள் முதலில் போகும், எஞ்சினின் மூச்சு பிறகு வந்து கடக்கும். மோனோவாக்கினால் இந்த வரிசை தட்டையாகிப்போகும். ஆனால் இதே கிளிப் ஒரே ஸ்பீக்கர் உள்ள செல்போனிலும் ஓடும், அங்கே இரண்டு சேனலும் கலக்கும். இரண்டு மைக்குகளை ஓரடி ஒன்றரையடி இடைவெளியில் வைத்துப் பதிந்திருந்தால், கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்து, ஒலி தகரக் குழாயில் வருவது போலாகும். எக்ஸ்போர்ட்டுக்கு முன் மாஸ்டரை ஒரு தரம் மோனோவில் கேட்டால் இது தெரிந்துவிடும்.

மறுபடி எடிட்டுக்குக் கொடுக்கும்போது, சட்டை மைக், கேமரா மைக், வெளி ரெக்கார்டர் என்று மூன்று டிராக் இருந்தால் மூன்றையும் கலந்து கொடுக்காதீர்கள். ரிசால்வின் 'டெலிவர்' பக்கத்தில் 'ஆடியோ' தாவலுக்குள் அவுட்புட் டிராக்குகளைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றுக்கும் டைம்லைனின் எந்த டிராக் என்று சொல்லலாம். கேடென்லைவில் ரெண்டர் பெட்டியில் ஒவ்வொரு ஆடியோ டிராக்கையும் தனிக் கோப்பாக எழுதும் தேர்வு இருக்கிறது. பிரீமியரில் ஒரு விஷயத்தைத் தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டும்: சீக்வென்ஸின் மிக்ஸ் டிராக் (எல்லா டிராக்கும் கலந்து வெளிவரும் இடம்) ஸ்டீரியோவா மல்டிசேனலா என்பதை சீக்வென்ஸ் உருவாக்கும்போதுதான் தேர்ந்தெடுக்க முடியும். ஸ்டீரியோ என்று தொடங்கிவிட்டால், மல்டிசேனல் என்று புதிய சீக்வென்ஸ் உருவாக்கி எல்லாவற்றையும் அதற்குள் ஒட்ட வேண்டியதுதான்.

பல கிளிப்களை ஒரே முறையில் எடுக்கும்போது

ஒரு டைம்லைனிலிருந்து இருபது முப்பது கிளிப்களைத் தனித்தனியாக எடுப்பதற்கு ரிசால்வில் 'இன்டிவிஜுவல் கிளிப்ஸ்' என்ற தேர்வு வசதியாகத் தோன்றும். ஒலியைப் பொறுத்தவரை அதில் ஒரு பெரிய பள்ளம். கிளிப்போடு வருவது மூலக் கோப்பின் ஒலி. டைம்லைனில் நீங்கள் ஏற்றி இறக்கிய அளவு, ரிசால்வின் ஒலிப் பக்கமான ஃபேர்லைட்டில் போட்ட ஈக்யூ, வேறு டிராக்கில் இருக்கும் பின்னணி இசை, வெளி ரெக்கார்டரின் ஒலி எதுவும் வராது. நிறம் திருத்திய படத்துக்குக் கேமரா மைக்கின் மூல ஒலி ஒட்டி வந்து நிற்கும். கலர் வேலைக்குப் போய்த் திரும்பும் கிளிப்களுக்கு அதுதான் வேண்டும். பார்ப்பவருக்குப் போகும் கிளிப்களுக்கு வேண்டவே வேண்டாம்.

கலந்த ஒலியோடு தனித்தனிக் கிளிப் வேண்டுமென்றால் 'சிங்கிள் கிளிப்' தேர்ந்து, முதல் பகுதிக்கு இன், அவுட் புள்ளி வைத்து, 'ஆட் டு ரெண்டர் க்யூ' அழுத்துங்கள். பிறகு புள்ளிகளை அடுத்த பகுதிக்கு நகர்த்தி, கோப்பின் பெயரை மாற்றி மறுபடி. முப்பதையும் வரிசையில் சேர்த்துவிட்டு ஒரே தடவையில் ரெண்டர் கொடுக்கலாம். சலிப்பான வேலைதான், ஆனால் முப்பதையும் இரண்டாவது முறை எடுப்பதைவிடக் குறைவு. ஷாட்கட்டில் எக்ஸ்போர்ட் பெட்டியின் 'ஃப்ரம்' பட்டியலில் 'ஈச் பிளேலிஸ்ட் ஐட்டம்' என்று இருக்கிறது. வெட்டிய துண்டுகளைப் பிளேலிஸ்ட்டில் அடுக்கிவிட்டால் ஒவ்வொன்றும் தனிக் கோப்பாக வரும். அங்கே ஒலிக்கான எண்களைப் பார்க்க 'அட்வான்ஸ்ட்' பொத்தானை அழுத்த வேண்டும். உள்ளே 'ஆடியோ' தாவலில் சேனல், சாம்பிள் ரேட், கோடெக், பிட்ரேட் எல்லாம் இருக்கும்.

எந்த மென்பொருளானாலும், ரெண்டர் கொடுக்கும் முன் டிராக் தலைப்புகளை ஒரு பார்வை பாருங்கள். எடிட்டின்போது ஒரு டிராக்கை மட்டும் கேட்க 'சோலோ' போட்டு மறந்திருந்தால், எக்ஸ்போர்ட்டிலும் அந்த ஒன்றுதான் வரும். மியூட்டும் அப்படியே.

அளவு: காற்று ஏமாற்றும்

தொட்டபெட்டா உச்சியில் எடுத்த பேட்டி. பேச்சு மெதுவாக இருக்கிறது என்று, ஒலியை ஓர் இலக்கு அளவுக்கு உயர்த்தும் 'நார்மலைஸ்' போட்டு, பீக் (உச்சம்) மைனஸ் 1 டெசிபெல் என்று கொடுக்கிறீர்கள். எக்ஸ்போர்ட்டில் ஒன்றுமே மாறியிருக்காது. காரணம், காற்று மைக்கில் அறைந்த ஓர் இடம் ஏற்கெனவே மைனஸ் 1ஐத் தொட்டிருக்கும். பீக் நார்மலைஸ் அந்த ஒற்றைப் புள்ளியைப் பார்த்து முடிவெடுக்கிறது. பேச்சு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

லஃப்ஸ் என்ற அளவு ஒலியின் மொத்த உரப்பைப் பார்க்கிறது. காதுக்குக் குறைவாகக் கேட்கும் ஆழ்ந்த அதிர்வுகளைக் குறைத்தே எடுத்துக்கொள்கிறது, நிசப்தமான இடங்களைக் கணக்கிலிருந்து விலக்குகிறது. ஆகவே இலக்கை லஃப்ஸில் வையுங்கள். யூடியூபுக்கு மைனஸ் 14. அதைவிட உரக்க இருந்தால் யூடியூப் குறைக்கும், மெதுவாக இருந்தால் உயர்த்தாது. ஐரோப்பிய ஒளிபரப்பு விதியான ஈபியு ஆர்128 மைனஸ் 23 கேட்கிறது, அமெரிக்காவின் ஏ/85 மைனஸ் 24. உச்சவரம்பாக ட்ரூ பீக் (அலையின் உண்மையான உச்சம்) மைனஸ் 1 வையுங்கள். 192க்கும் கீழே சுருக்குவதாக இருந்தால் மைனஸ் 2. சுருக்கும்போது அலையின் உருவம் சற்று மாறி உச்சங்கள் உயரும், மைனஸ் 0.1ல் கச்சிதமாக நின்றது சுருக்கிய பின் மேலே இடித்து வெடிக்கும்.

ஆனால் காற்றை முதலில் வெட்டிவிட்டுத்தான் அளவுக்கு வர வேண்டும். பேச்சு டிராக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர். காற்று பலமாக இருந்தால் 100, 120 வரை போகலாம். பறை டிராக்கில் அதே ஃபில்டரைப் போடாதீர்கள். பெரிய பறையின் வயிறு அங்கேதான் இருக்கிறது; 80ல் வெட்டினால் தோல் சத்தம் மட்டும் மிஞ்சி அட்டைப்பெட்டியைத் தட்டுவது போலாகும். 35, 40 ஹெர்ட்ஸ் போதும்.

பிரீமியரில் எக்ஸ்போர்ட்டின் எஃபெக்ட்ஸ் பகுதியில் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' இருக்கிறது. ரிசால்வில் அது ஆடியோ தாவலிலேயே இருக்கும். இதை எப்போது அணைத்து வைக்க வேண்டும் என்பது முக்கியம். ஒரே நிகழ்ச்சியின் கிளிப்களைத் தனித்தனியாக எடுத்து, வேறொருவர் அவற்றைத் திரும்பக் கோக்கப் போகிறார் என்றால் நார்மலைசேஷன் கூடவே கூடாது. பேரகணியில் படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் பனியில் நடந்து வருபவர்களின் காலடி ஒரு கிளிப், கோயில் முன் திரண்ட கூட்டத்தின் ஆரவாரம் இன்னொரு கிளிப். இரண்டையும் தனித்தனியாக மைனஸ் 14க்குக் கொண்டுவந்தால் காலடியும் ஆரவாரமும் ஒரே உரப்பில் நிற்கும். காலடியோடு மைக்கின் இரைச்சலும் மேலே வந்துவிடும். தனித்து நிற்கும் கிளிப்புக்கு மட்டும் நார்மலைசேஷன் போடுங்கள்.

கிளிப்பின் இரண்டு ஓரங்கள்

ஒலி அலை மேலே இருக்கும் இடத்தில் கிளிப் தொடங்கினால் 'டக்' என்று ஒரு சத்தம். பின்னணியில் காற்றின் ஆழ்ந்த உறுமல் இருந்தால் இது இன்னும் பலமாகக் கேட்கும். இரண்டு ஓரத்திலும் இரண்டு ஃப்ரேம் ஆடியோ ஃபேட் வைத்தால் போய்விடும். 25 ஃப்ரேம் வீடியோவில் அது 80 மில்லிநொடி. எதிரொலி எஃபெக்ட் போட்டிருந்தால் கடைசிச் சொல்லின் வால் அவுட் புள்ளியோடு வெட்டுப்படும். ஒரு நொடி தள்ளி வையுங்கள்.

மறுபடி எடிட்டுக்குப் போகும் கிளிப்பில் ஃபேட் வைக்காமல், முன்னும் பின்னும் ஒரு நொடி கூடுதலாக விட்டுக் கொடுங்கள். ரிசால்வில் இதற்கு 'ஹேண்டில்ஸ்' என்று பெயர். கோப்பவருக்கு மழையிலிருந்து மழைக்கு மெல்ல மாற அந்த ஒரு நொடி வேண்டும்.

ஏஏசி கிளிப்களை வாங்கி அப்படியே அடுத்தடுத்து ஒட்டினால் ஒவ்வொரு இணைப்பிலும் நூலிழை இடைவெளி கேட்கலாம். ஏஏசி 1024 மாதிரிகளைக் கொண்ட கட்டங்களாக எழுதுகிறது; தொடக்கத்தில் என்கோடர் சில ஆயிரம் மாதிரிகளை வெற்றாகச் சேர்க்கிறது. 2112 மாதிரிகள் என்றால் 44 மில்லிநொடி, ஒரு ஃப்ரேமுக்கு மேல். சில மென்பொருள்கள் இதைக் கழித்துக்கொள்ளும், சில கழிக்காது. ஒட்டப்போகும் கிளிப்புக்கு பிசிஎம் என்று வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம்.

வெட்ட மட்டும் வேண்டுமென்றால்

எந்தத் திருத்தமும் இல்லை, நீண்ட பதிவிலிருந்து ஒரு துண்டு மட்டும் வேண்டும் என்றால் எடிட்டிங் மென்பொருளைத் திறக்கவே வேண்டாம். லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் படத்தையும் ஒலியையும் மறுபடி சுருக்காமல் அப்படியே நகலெடுத்து வெட்டும். தரம் ஒரு துளியும் போகாது, சில நொடிகளில் முடியும். படத்தின் வெட்டு கீஃப்ரேமில் (முழுப் படமாகச் சேமித்த ஃப்ரேமில்) தான் தொடங்க முடியும் என்பதால் நீங்கள் குறித்த இடத்துக்குச் சற்று முன்பிருந்து கிளிப் ஆரம்பிக்கலாம். ஆடியோ டிராக் பல இருந்தால் எவை எவை வேண்டும் என்று அதிலேயே குறிக்கலாம்.

செல்போன் செயலிகள் பலவற்றில் எக்ஸ்போர்ட்டின்போது ஒலிக்கென்று தனித் தேர்வு இருப்பதில்லை. தெளிவுத்திறனும் ஃப்ரேம் ரேட்டும் மட்டும் கேட்கும். பறையும் மழையும் உள்ள கிளிப்பைக் கணினியில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம்

எக்ஸ்போர்ட்டில் பொருந்தாமல் போனால் பெரும்பாலும் காரணம் எக்ஸ்போர்ட் அல்ல. செல்போன் வீடியோவின் ஃப்ரேம் ரேட் நிலையாக இருப்பதில்லை; வெளிச்சம் குறைந்தால், மூடுபனி இறங்கினால் அதுவும் ஏறி இறங்கும். கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவில் அந்தக் கோப்பைத் திறந்தால் 'ஃப்ரேம் ரேட் மோட்: வேரியபிள்' என்று காட்டும். எடிட்டைத் தொடங்கும் முன்பே, வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்' கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது அதன் ஆடியோ தாவலில் கோடெக்கை 'ஏஏசி பாஸ்த்ரூ' என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஒலி வீணாக ஒருமுறை சுருங்கும்.

வெளி ரெக்கார்டரின் ஒலி மணிக்கணக்கில் ஓடும்போது மெல்ல விலகுவது இன்னொரு வகை. இரண்டு கருவிகளின் கடிகாரமும் பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலே ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி, அதாவது 25 ஃப்ரேம் வீடியோவில் நாலரை ஃப்ரேம் தள்ளிவிடும். வேகத்தைச் சதவீதத்தில் மாற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், தேவையான 100.005 போன்ற எண்ணைப் பல மென்பொருள்கள் ஏற்காது. 15 நிமிடத்துக்கு ஒரு தடவை பேச்சில்லாத இடத்தில் ஒலியை வெட்டி ஒரு ஃப்ரேம் நகர்த்துவது எளிது.

லினக்ஸில் ரிசால்வ் வைத்திருப்பவர்களுக்குச் செல்போன் கிளிப் ஊமையாக வந்தால் சந்தேகிக்க வேண்டியது ஏஏசியை. எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றும் கருவியைக் கொண்டு, படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் பிசிஎம் ஆக்கி எம்ஓவியில் வைத்தால் கேட்கும்.

அனுப்பும் முன்

எக்ஸ்போர்ட் ஆன கோப்பை மீடியாஇன்ஃபோவில் திறந்து கோடெக், பிட்ரேட், சேனல், சாம்பிள் ரேட் நான்கையும் பாருங்கள். விஎல்சியில் கன்ட்ரோல், ஜே அழுத்தினாலும் தெரியும். முப்பது கிளிப் இருந்தால் முதலாவதை மட்டும் எடுத்துச் சரிபார்த்த பிறகு மிச்சத்துக்கு ரெண்டர் கொடுங்கள்.

பிசிஎம் கோப்பு மிக்ஸை அப்படியே தாங்கி வந்திருக்கிறதா என்று அறிய ஒரு உறுதியான சோதனை உண்டு. மிக்ஸை நேராக வேவாக எடுத்து ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் வையுங்கள், கிளிப்பின் ஒலியையும் அடுத்த டிராக்கில் வையுங்கள், ஒன்றை மட்டும் 'இன்வர்ட்' செய்து (அலையைத் தலைகீழாக்கி) இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். முழு நிசப்தம் என்றால் இரண்டும் ஒன்று. ஏதாவது கேட்டால், எங்கோ ஓர் எஃபெக்டோ அளவோ மாறியிருக்கிறது. ஏஏசியில் எப்போதும் மிச்சம் கேட்கும். அதை வைத்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது, காதால்தான் கேட்க வேண்டும்.

கேட்கும்போது ஹெட்ஃபோனில் ஒருமுறை, செல்போன் ஸ்பீக்கரில் ஒருமுறை. முழுவதும் கேட்க நேரமில்லை என்றால் மூன்று இடங்கள்: முதல் இரண்டு நொடி, கடைசி இரண்டு நொடி, பேச்சு நின்று மழை மட்டும் கேட்கும் ஓர் இடம்.